தபாலில் போன வேதாளர்



சிவகாசியிலிருந்து 1972-ல் வரத் தொடங்கிய முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கெர்பி, காரிகன் நால்வருக்கும் பிறந்த வீடு ஒன்றுதான்: அமெரிக்காவின் கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட். பத்திரிகைகளுக்குப் படக்கதை, பத்தி, குறுக்கெழுத்து என்று அனுப்பிவந்த நிறுவனம் அது.

பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டுக்காக மோசஸ் கோனிக்ஸ்பெர்க் 1915-ல் இதை உருவாக்கினார். ஓவியர் பல வாரம் முன்கூட்டியே வரைந்து கொடுத்துவிட வேண்டும். படத்தைக் காகிதக்கூழ் அட்டையில் அழுத்திப் பதித்துத் தபாலில் அனுப்புவார்கள். உள்ளூர் அச்சகத்தில் அந்த அட்டைமேல் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினால் பிளாக் தயார். எவ்வளவு பிரதி விற்கிறதோ அதற்கேற்ற கட்டணம். அதனால், சொந்தமாக ஓர் ஓவியரை வைத்துக்கொள்ள வசதியில்லாத சிற்றூர்ப் பத்திரிகையிலும் ரிப் கெர்பியை வரைந்த அலெக்ஸ் ரேமண்டின் கோடுகள் வந்தன. இதைப் பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் கதாபாத்திரத்தின் உரிமை பெரும்பாலும் சிண்டிகேட்டிடமே இருந்தது. பாப்பாயைப் படைத்த சேகர் 1938-ல், 43 வயதிலேயே இறந்துபோனார். பாப்பாய் வேறு கைகளுக்கு மாறித் தொடர்ந்தான். வேதாளரை 1936-ல் தொடங்கிய லீ ஃபாக், 1999-ல் மறையும்வரை எழுதினார். அதன் பிறகும் வேதாளர் நிற்கவில்லை.

நின்றுபோன ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் ஹெரிமன் 1913 முதல் வரைந்த 'கிரேசி கேட்'. எலிமேல் ஆசை வைத்த பூனை. அதன் தலையில் செங்கல்லை எறியும் எலி. பூனைமேல் பிரியம் கொண்டு எலியைப் பிடித்து உள்ளே தள்ளும் போலீஸ் நாய். பலருக்கு இது புரியவில்லை. வாங்கிய பத்திரிகைகளும் குறைவு. ஹெர்ஸ்டுக்கு மட்டும் மிகவும் பிடித்திருந்தது, நிறுத்தவிடவில்லை. 1944-ல் ஹெரிமன் இறந்ததும், இன்னொருவரை வரையச் சொல்லாமல் தொடரையே முடித்துக்கொண்டார்கள். பரபரப்புச் செய்திகளுக்காக ஹெர்ஸ்டை எத்தனை குறை சொன்னாலும், இந்த ஒன்றுக்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

நம் இதழிலும் கொஞ்சம் பேர் மட்டும் தேடிப் படிக்கும் பக்கங்கள் இருக்கின்றன. விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்து அவற்றை நிறுத்தமாட்டோம். அவற்றைப் படிக்கிறவர் நீங்கள் என்றால், இரண்டு வரி எழுதிப் போடுங்கள். எழுதுகிறவருக்கு அப்படியே அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்