படத்தில் தாயும் இருக்கட்டும்



நம்முடைய காட்டுப்பாக்கத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால், ஜெபத்துக்குப் போதகரை அழைப்பதற்கு முன்பாகவே புகைப்படக்காரருக்கு நாள் குறிக்கப்பட்டுவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளையைக் கர்த்தருடைய ஈவாகப் பெற்றுக்கொள்ளுகிறவர்கள் அந்த முதல் நாட்களின் முகத்தைப் படமாக வைத்துக்கொள்ள விரும்புவது இயல்பே. ஆனால் ஜெபிக்கச் செல்லும் வீடுகளில் என் கையில் தரப்படும் ஆல்பங்களைப் புரட்டும்போது ஒன்று மனதை உறுத்துகிறது. பிள்ளை கூடைக்குள் இருக்கிறது. பூக்களின் நடுவே இருக்கிறது. சின்னஞ்சிறு டாக்டர் கோட்டு அணிந்திருக்கிறது. கடைசிப் பக்கம்வரை பெற்றவளைக் காணோம். கேட்டால், "முகமெல்லாம் வீங்கியிருந்தது ஐயா, நான்தான் வேண்டாமென்றேன்" என்று அந்தச் சகோதரியே சொல்லுகிறாள்.

புகைப்படக்கலையின் ஆரம்ப காலத்தில் ஒரு வினோதமான வழக்கம் இருந்தது. ஒரு படம் பதிவாகப் பல நொடிகள் ஆகும். அதுவரை கைக்குழந்தை அசையாதிருக்க வேண்டும். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தாயை நாற்காலியில் உட்காரவைத்து, அவள்மேல் திரைச்சீலையைப் போர்த்தி, அவள் மடியில் பிள்ளையை வைத்துப் படமெடுத்தார்கள். அந்தப் பழைய படங்களில் தாய் ஒரு மூடிய உருவமாகத் தெரிகிறாள். இன்று நொடியின் ஒரு சிறு பங்கு போதும், திரைச்சீலைக்கு அவசியமில்லை. ஆயினும் தாய் வெளியே வரவில்லை.

பிறந்த ஐந்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் படமெடுப்பதையே புகைப்படக்காரர்கள் விரும்புகிறார்கள். கருவில் மடங்கிக் கிடந்த பழக்கம் மாறாமல் பிள்ளை அப்போது அயர்ந்து தூங்கும். தாய்க்கோ அவையே மிகவும் கடினமான நாட்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் அறுவை சிகிச்சையினால் நடந்தவை. தையல் ஆறவில்லை, மார்பில் பால் கட்டியிருக்கிறது, இரவுத் தூக்கமில்லை. இந்த நிலையில் ஹாலை ஒழித்து, சோபாவை நகர்த்தி, வருகிறவர்களுக்குக் காபி போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் நடைபெறும் ஒரு நிகழ்ச்சிக்கு வீடு ஆயத்தமாகிறது. ஆயத்தம் யாருக்காக என்று கேட்க வேண்டியிருக்கிறது.

லேவியராகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தில், ஆண்பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாட்களும் பெண்பிள்ளை பெற்றவளுக்கு எண்பது நாட்களும் குறிக்கப்பட்டிருக்கின்றன. தீட்டு என்ற சொல்லைக் கண்டு நாம் முகஞ்சுளித்துக் கடந்துவிடுகிறோம். நான் அதில் வேறொன்றையும் காண்கிறேன்: அந்த நாட்களில் அவள் ஒருவர்முன்பும் போய் நிற்க வேண்டியதில்லை. மரியாளும் அந்த நாட்களைக் கழித்த பின்னரே ஏழைகள் செலுத்தும் இரு பறவைகளின் காணிக்கையோடு எருசலேமுக்கு வந்தாள். நம் பாட்டிமாரும் பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் அறையைவிட்டு அசையவிடவில்லை. அவர்களுடைய பத்தியத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, அது இருக்கட்டும்.

ஆகவே என் யோசனை இதுதான்: படம் வீட்டிலேயே எடுக்கப்படட்டும், ஹாலில் அல்ல, தாய் படுத்திருக்கும் அறையில். நம் பகுதியில் வீடுகள் சுவரோடு சுவர் நெருங்கி நிற்பதால், பல அறைகளுக்குள் நல்ல வெளிச்சம் நாளில் ஒரு மணி நேரமே வருகிறது. அது எப்போது என்று அவளைக் கேளுங்கள். இரவும் பகலும் விழித்திருக்கிறவளுக்குத் தெரியும். கட்டிலை ஜன்னலருகே தள்ளி, வெளிர்நிற விரிப்பிட்டு, டியூப் லைட்டை அணைத்துவிட்டால் பெரும்பகுதி ஆயத்தம் முடிந்தது. பிள்ளை பாலுண்ட பின்பு புகைப்படக்காரர் உள்ளே வரட்டும்.

வாடகைக் கூடையும் பஞ்சுபோன்ற விரிப்பும் வீடு வீடாகப் போய் வருகிறவை. நம் வீட்டில் துவைத்து வைத்த பழைய வேட்டி இருக்கிறது; பிறந்த பிள்ளைக்குப் பழந்துணியே மெத்தென்று இருக்கும் என்று அறிந்திருந்த சமூகம் நாம். ஆண்டவர் பிறந்த வேளையைப் பற்றி லூக்கா குறித்துவைத்ததும் சுற்றிய துணியையும் முன்னணையையும்தான். புடவைத் தூளி தொங்குகிறதே, அதைவிட அழகான கூடை எது? நீட்டிய கால்களின்மேல் பிள்ளையைக் கிடத்திப் பாட்டி குளிப்பாட்டுவதைப் படமெடுத்த ஆல்பம் ஒன்றையும் இதுவரை நான் காணவில்லை.

இரண்டு எச்சரிப்புகள். பிள்ளை தன் கைகளின்மேல் மோவாயை ஊன்றியிருப்பதுபோல் வரும் படம், இரண்டு படங்களை இணைத்தது. ஒன்றில் தலையையும் மற்றொன்றில் கைகளையும் ஒருவர் பிடித்திருப்பார். அந்த விரல்களைக் கணினியில் அழித்துவிடுகிறார்கள். கழுத்து நிற்காத பிள்ளையை வீட்டில் அப்படி வைத்துப் பார்க்க வேண்டாம். மேலும், கக்குவான் இருமலுக்கான முதல் தடுப்பூசி ஆறாம் வாரத்தில்தான் போடப்படுகிறது. புகைப்படக்காரரானாலும் சித்தப்பாவானாலும் இருமலோடு வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

எடுத்த படத்தை வேளைக்கொன்றாக ஸ்டேட்டஸில் வைக்க வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். நம் சபையின் ஜெபக்குறிப்பில் பிள்ளைக்காகக் காத்திருக்கிற தம்பதிகள் இருக்கிறார்கள். பிறந்த பிள்ளையை அடக்கம் செய்தவர்களும் இருக்கிறார்கள்.

தாயைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஊழியத்தில் கண்ட காரணம் ஒன்று உண்டு. அடக்க ஆராதனைக்கு முந்தின இரவில் பிள்ளைகள் தங்கள் தாயின் படத்தைத் தேடுவார்கள். யாருடைய கலியாணக் கூட்டப் படத்திலிருந்தோ அவள் முகத்தை வெட்டியெடுத்துப் பெரிதாக்குவார்கள். தங்களைக் கையில் ஏந்தியிருக்கும் தாயின் படம் ஒன்று அகப்பட்டால், ஐம்பது வயது மகன் அதைக் கையைவிட்டுக் கீழே வைப்பதில்லை. அவள் முகம் வீங்கியிருந்ததா என்று அவன் பார்ப்பதில்லை.

சகோதரரே, முன்பணம் கொடுக்கும்போதே புகைப்படக்காரரிடம் இதைச் சொல்லிவிடும். உம்முடைய மனைவி மறுத்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். இன்னொரு முறை கேளும். அவள் உடை மாற்ற வேண்டியதில்லை, எழுந்திருக்கவும் வேண்டியதில்லை. பிள்ளை பாலுண்டபின் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டிருப்பாளே, அந்த ஐந்து நிமிடம் போதும்.