சான்றிதழும் தரமும்

தொழிற்சாலை வாயில்களில் 'ஐ.எஸ்.ஓ. 9001 சான்று பெற்றது' என்னும் பலகையை அங்கத்தினர் பலரும் கண்டிருப்பர். 1987-ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிடப்பெற்ற அத்தர நியதியைப் பொருளின் உயர்வுக்கு இட்ட முத்திரையென்று கருதுவது பிழையாகும். வேலை நடைபெறும் முறைக்கே அது சான்று. குறை நேர்ந்தால் காரணத்தைத் தேடிக் களைய வேண்டும், களைந்ததற்கு ஏட்டிலே சாட்சி இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

குறையை அது தோன்றிய இடத்திலேயே நிறுத்துவது நெசவுத் தொழிலுக்குப் புதிதன்று. ஜப்பானியரான ஸகிச்சி டொயோடா 1924-இல் உருவாக்கிய தானியங்கித் தறி, இழை அறுந்தவுடன் தானே நின்றுவிடும்; பழுதான துணி மேலும் வளர இடமில்லை. 1929-இல் அதன் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் கம்பெனி விலைக்கு வாங்கிற்று. 1937-இல் தோன்றிய டொயோட்டா மோட்டார் கம்பெனி பிற்காலத்தில் அதே நியதியை மனிதருக்கும் விரித்தது. குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம். மோட்டார் வண்டிக்குத் தறி பாடம் சொல்லிற்று என்பதில் நமக்குச் சிறிது பெருமையும் உண்டு!

இறுதியில் சோதித்துக் கழிப்பதால் தரம் உண்டாகாது என்று வற்புறுத்திய அமெரிக்கர் டெமிங், 1950-இல் ஜப்பானில் விரிவுரையாற்றினார். அவர் பெயரால் 1951-இல் ஏற்பட்ட பரிசை, இந்தியக் கம்பெனிகளுள் முதலாவதாக 1998-இல் பெற்றது அப்போது சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு. ஆகவே, நம்மவரால் இயலாதென்பதற்கில்லை.

எனினும், வாங்குவோர் கேட்கிறார்கள் என்பதற்காக மட்டும் சான்று தேடுவோரும் உளர். தணிக்கைக்கு முந்திய வாரத்தில் ஏடுகள் அவசரமாக நிரம்பும். பாவு அடிக்கடி அறுவதற்கு நூலின் முறுக்கு, கஞ்சியின் பதம், காற்றின் வறட்சி எனக் காரணங்கள் பல. ஆலையில் இவை பெரும்பாலும் தறியருகே நிற்பவர் வசத்தில் இல்லை. (ஈரப் பஞ்சை விற்று எடை கூட்டும் விவசாய அன்பர்களும் இதைச் சிந்திக்க வேண்டுகிறோம்.) அவர் கூலியைப் பிடித்துவிட்டு, ஏட்டில் 'குறை நீக்கப்பட்டது' என எழுதினால் எது நீங்கிற்று?

நீளத்துக்குக் கூலி பெறுபவர் தறியை நிறுத்தினால் அவருக்கே நஷ்டம். அதனாலேயே குறையைக் கண்டும் வாளாவிருக்கிறார். சான்றுக்கு விண்ணப்பிக்கும் கம்பெனிகளும் கூட்டுறவு ஆலைகளும், குறை கண்டு நிறுத்திய நேரத்துக்கும் கூலி வழங்க முதலில் ஏற்பாடு செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.