சுவரை இடித்தோம், வாசலை அடைத்தோம்!

வீடு கட்டப் போகும் சகோதரர்கள் மேஸ்திரியிடம் சொல்லும் முதல் வார்த்தை இப்போது இதுதான்: "ஓப்பனா இருக்கணும்!" கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் வேண்டாமாம். டி.வி.யும் அங்கே, சாப்பாட்டு மேசையும் அங்கே, அடுப்பும் அங்கே. ஓசூர் அடுக்குமாடிகளில் பார்த்துப் பழகிய இந்த மோகம் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று மலையேறி, நாட்றாம்பாளையம் வரை வந்துவிட்டது. கம்பெனி வேலைக்குப் போன பிள்ளை ஊரில் வீடு கட்டும்போது, தான் வாடகைக்கு இருக்கும் ஃபிளாட்டின் பிளானையே கொண்டு வருகிறான்.

காற்று வரும், வெளிச்சம் வரும், சிறிய இடம் பெரிதாகத் தெரியும், ஒரு சுவரின் செலவு மிச்சம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தச் சுவர் இதுவரை செய்துவந்த வேலையை இனி யார் செய்வது?

ஒரு வியாபார நண்பர் வீட்டுக்கு வருகிறார். கதவைத் திறந்தால் நேர் எதிரே அடுப்பு. வீட்டுப் பெண் என்ன செய்வாள்? கொதிக்கிற குழம்பை அப்படியே விட்டுவிட்டுப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வந்தவர் அரை மணி நேரம் கணக்குப் பேசினால், அரை மணி நேரமும் அவளுக்குச் சிறைதான். பெயர் திறந்த வீடு. வீட்டில் பாதிப் பேருக்கு அது மூடிய வீடு! இந்தச் சங்கடத்துக்குப் பயந்தே பலர், "டீக்கடைக்கு வாங்க, பேசிக்கலாம்" என்று நண்பர்களை வெளியிலேயே பார்த்து அனுப்புகிறார்கள்.

ஒரு மவுத்து நேர்ந்தால் இன்னும் கஷ்டம். ஜனாஸா கூடத்தில் இருக்கிறது. ஆண்கள் வந்து நிற்கிறார்கள். பெற்ற தாயும் கட்டிய மனைவியும் எங்கே உட்கார்ந்து அழுவது? பத்துக்குப் பத்து அறையில் முப்பது பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த மலைப்பக்கத்து மண்சுவர் வீட்டைப் பாருங்கள். உள்ளே ஒரே அறைதான். ஆனால் வாசலில் திண்ணை உண்டு. கன்னடம் பேசுவோர் ஜகலி என்பார்கள். ராகி வாங்க வருபவர், வழி கேட்பவர், கடன் கேட்பவர் எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். யாரையும் விரட்டவும் வேண்டாம், உள்ளே விடவும் வேண்டாம். வீடு ஊரோடு பேசும் இடம் அது. இன்று அந்த இடத்தை மோட்டார் சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டு, இரும்பு கேட் போட்டு, மணி வைத்துவிட்டோம்.

இதை ஒரு நகரமே திட்டமாகச் செய்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? காயல்பட்டினம் போய்ப் பாருங்கள். வீடுகளுக்கு நடுவே பெண்களுக்கென்றே முடுக்குகள் இருக்கின்றன. பெரிய தெருவுக்கு வராமலே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய் வரலாம். அங்கே வீடு மகளுக்குத்தான் போகிறது. ஆகவே மறைவு என்றால் பெண்ணை அடைத்து வைப்பது என்று அந்த ஊர்க்காரர்கள் பொருள் கொள்ளவில்லை. அவளுக்கும் ஒரு தெரு, ஒரு நடமாட்டம், ஒரு சபை வேண்டும் என்று கட்டினார்கள்.

பழைய வீடெல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. இருட்டு அடுப்படியில் புகையோடு மல்லுக்கட்டியே நம் தாய்மார்கள் பலர் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1934-இல் மினியாபொலிஸ் நகரில் கட்டிய வில்லி இல்லத்தில் சமையலறையைக் கூடத்தோடு சேர்த்தார். வேலைக்காரர் வைத்துக்கொள்ளாத வீட்டில் சமைப்பவள் தனித்துப்போகக் கூடாது என்பது அதன் நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் அந்த வீட்டு வாழ்க்கை வேறு, நம் வீட்டுப் போக்குவரத்து வேறு.

ஓசூர் தொழிற்பேட்டையில் மூன்றாம் ஷிப்ட் முடித்து வரும் இளைஞரைக் கேளுங்கள். காலையில் வந்து படுக்கிறார். கூடத்தில் மிக்ஸி ஓடினால் கட்டில் வரை கேட்கிறது. அவர் தூங்க வேண்டுமானால் குழந்தைகள் வாயைத் திறக்கக் கூடாது! 2020 ஊரடங்கில் எல்லா வீட்டுக்கும் இந்தப் பாடம் கிடைத்தது. பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, அத்தாவின் கடைக் கணக்கு, அம்மாவின் தாளிப்பு எல்லாம் ஒரே கூடத்தில்!

பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27-வது வசனம் கட்டளையிடுகிறது. 58-வது வசனம் வீட்டுக்குள்ளேயே வருகிறது: ஃபஜ்ருக்கு முன்பும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்பும் சிறுவர்கள்கூட அனுமதி கேட்க வேண்டும். இதற்கு மாளிகை தேவையில்லை. ஒரு திரை போதும். ஆனால் அனுமதி கேட்க ஒரு வாசலாவது இருக்க வேண்டாமா?

பிளான் போடும் முன் மனைவியையும் தாயையும் உட்கார வைத்துக் கேளுங்கள். நாளெல்லாம் அங்கே இருப்பவர்கள் அவர்கள்தானே! சுவர் வேண்டாம் என்று அவர்களே சொன்னால் வேண்டாம். அப்போதும் வாசலுக்கு நேரே அடுப்பு வராமல் மேஸ்திரியால் திருப்பிவிட முடியும். இடுப்பளவு சுவரும் ஒரு மரச் சட்டகமும் காற்றைத் தடுக்காது. சமையலறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு இருந்தால் அண்டை வீட்டுப் பெண்கள் வந்து போவார்கள்.

இடமில்லை என்பார்கள். 2024-இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடிதான். அதிலும் 300 சதுர அடிக்குத்தான் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடியின் கூரை பயனாளியின் விருப்பம். ஓடு போட்டு, இரண்டு தூண் நிறுத்தி, அதையே திண்ணையாக்கிக்கொள்ளலாம். நாலு பேர் தாராளமாக உட்காரலாம்.