1728 பேர் சாப்பாடு

 

ராஜபாளையம் மில்களில் வேலை பார்க்கும் வடமாநிலப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், "மூணு வேளை சாப்பாடு, தங்க இடம், சம்பளம் எல்லாம் கொடுக்கிறாங்களே சார், இன்னும் என்ன வேணும்?" என்று நம் ஆட்களே கேட்கிறார்கள்.

லில்லிபுட்டிலும் கொடுத்தார்கள். ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-இல் எழுதிய கதை. கரை ஒதுங்கித் தூங்கும் கலிவரை அரையடி மனிதர்கள் தலைமுடி உட்படக் கட்டிப்போடுவார்கள். நமக்கு அந்தப் படம்தான் ஞாபகம் இருக்கும். விஷயமே அதற்குப் பிறகுதான். யாரும் அவனைப் பட்டினி போடவில்லை. அவன் உயரம் அவர்களைப்போல் 12 மடங்கு, ஆகவே 12 × 12 × 12, அதாவது 1728 பேர் சாப்பாடு என்று கணக்குப் போட்டே கொடுத்தார்கள். (கன அளவு நடத்தும்போது இந்தக் கணக்கைச் சொல்வேன், சிலருக்கு நினைவிருக்கலாம்.) கூடவே காலில் சங்கிலி. சட்டைப் பைகளைச் சோதித்து ஒரு பட்டியல். அடிக்கடி எடுத்துப் பார்க்கிறானே, கடிகாரம்தான் அவன் சாமியாக இருக்கும் என்று அதில் எழுதினார்கள்! சங்கிலியைக் கழற்றுவதற்கும் நிபந்தனைகள்: அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போகக்கூடாது, கட்டட வேலைக்குக் கல் தூக்க வேண்டும், சண்டை வந்தால் உதவ வேண்டும்.

எதிரிக் கப்பல்களை இழுத்து வந்தபோது பட்டம் கொடுத்தார்கள். அந்த நாட்டையே அடிமையாக்கித் தா என்றபோது மாட்டேன் என்றான். பிறகு அவன்மேல் ராஜதுரோகக் குற்றச்சாட்டு. கொல்ல வேண்டாம், கண்களை மட்டும் எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் யார் தெரியுமா? அவனுடைய நண்பர். கண் போனாலும் உடம்பில் பலம் இருக்கும், வேலைக்கு ஆவான் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அப்புறம் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சாகவிடுவது, அதை வெளியே சொல்லாமல் வைப்பது என்றும் முடிவாயிற்று.

2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. அப்போது டீக்கடையில் நான் அதிகம் கேட்டது, "பயலுக ஊருக்குப் போயிட்டா மில்லு எப்படி ஓடும்?" என்பதைத்தான். பயந்துபோயிருப்பார்களே என்று சொன்னவர்கள் குறைவு.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒடிசாப் பையன் ஒருவனிடம் பேசினேன். வயது இருபது இருக்கும். அரைகுறைத் தமிழ். ஊரில் தகப்பனாருக்கு உடம்பு முடியவில்லையாம். ஆதார் அட்டையும் இரண்டு மாதச் சம்பளமும் ஒரு கான்ட்ராக்டர் கையில். "அடுத்த மாசம் போலாம்" என்கிறாராம். யாரும் அடிக்கவில்லை, சாப்பாடு நல்லாத்தான் இருக்கு என்று அவனே சொன்னான்.

சூப்பர்வைசராக, கான்ட்ராக்டராக, வீட்டு ஓனராக என் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அசல் அட்டையை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ஊருக்குப் போகணும் என்றால் பாக்கியைத் தீர்த்து அனுப்புங்கள். 1979-இல் போட்ட சட்டத்திலேயே இவர்களுக்குப் பயணப்படி இருந்தது. "போனா திரும்பி வரமாட்டான் சார்" என்பீர்கள். வராவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான்.