ஆறு மணிக்குக் கடையை மூடினால் குடி குறையுமா?

வேலை முடிகிறது. உடம்பெல்லாம் வியர்வை. தொண்டை வறண்டு கிடக்கிறது. 'ஜில்' என்று ஏதாவது குடித்தால் தேவலை என்று இருக்கிறது.

இந்த ஆசை எந்த நாட்டு உழைப்பாளிக்கும் உண்டு. ஒருவர் மோரைத் தேடுவார். இன்னொருவர் டீக்கடைக்குப் போவார். ஆஸ்திரேலியாவில் பலர் பீரைத் தேடுவார்கள். அதுவும் கை சில்லிடும் அளவுக்குக் குளிர்ந்த பீர்!

அந்த ஒரு கிளாஸ் பீரை வைத்து ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய பரீட்சையே நடந்தது. குடிப்பவர்கள் மட்டும் அல்ல, அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

சட்டம் வந்தது!

1916-ம் ஆண்டு. முதல் உலகப்போர் நடந்துகொண்டு இருந்தது. அதுவரை அங்கே மதுக்கடைகள் இரவு வெகுநேரம் திறந்து இருக்கும். சம்பள நாளில் கணவன் எப்போது வருவான், கையில் எவ்வளவு மிஞ்சும் என்று மனைவி காத்துக் கிடப்பாள்.

"கடைகளைச் சீக்கிரம் மூடுங்கள்" என்று மதுவிலக்குச் சங்கங்கள் குரல் கொடுத்தன. பெண்கள் முன்னணியில் நின்றார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில், குடித்துவிட்டு வந்த ராணுவ வீரர்கள் சிட்னி நகரில் பெரும் கலகம் செய்தார்கள். ஜனங்கள் வெறுத்துப் போனார்கள்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஓட்டு எடுத்தார்கள். மாலை 6 மணிக்குக் கடையை மூட வேண்டும் என்று முடிவாயிற்று. தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா, டாஸ்மேனியா மாநிலங்களிலும் அதே ஆண்டில் அதே சட்டம் வந்தது.

"இனி புருஷன் நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவான்" என்று குடும்பங்கள் நம்பின.

வந்தான். ஆனால், எப்படி வந்தான்?

ஒரு மணி நேரக் குடி

வேலை முடிவது 5 மணிக்கு. கடை மூடுவது 6 மணிக்கு. நடுவில் இருப்பது ஒரே ஒரு மணி நேரம். தொழிலாளர்கள் கடைக்கு ஓடினார்கள். இடித்துத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். இரவு முழுவதும் குடிப்பதை ஒரு மணி நேரத்தில் குடித்தார்கள்.

கடைக்காரர்கள் உட்கார இடம் வைக்கவில்லை. நின்றால்தானே அதிகம் பேர் குடிக்க முடியும்? தண்ணீர் விட்டுக் கழுவ வசதியாகச் சுவரில் பீங்கான் ஓடு பதித்தார்கள். ரப்பர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, நீட்டிய கிளாஸ்களில் எல்லாம் பீரைப் பீய்ச்சினார்கள்.

இதற்கு ஜனங்கள் வைத்த பெயர் 'சிக்ஸ் ஓ கிளாக் ஸ்வில்'. 'ஸ்வில்' என்றால், பன்றிக்குத் தொட்டியில் ஊற்றும் கழுநீர்!

நியூ சவுத் வேல்ஸில் 1955-ல்தான் இது ஒழிந்தது. விக்டோரியாவில் 1966. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1967. பக்கத்து நாடான நியூசிலாந்திலும் 1917 முதல் 1967 வரை, 50 ஆண்டுகள் இதே கூத்துதான்.

பெண்கள் கேட்டதில் தவறே இல்லை. அவர்கள் பட்ட கஷ்டம் உண்மை. நோய் சரியாகத் தெரிந்தது. மருந்துதான் தவறிப்போயிற்று. அவசரப்படுத்தினால் மனிதன் குறைத்துக் குடிக்க மாட்டான், வேகமாகத்தான் குடிப்பான்.

நண்பன் வாங்கித் தந்தால்?

கடிகாரம் போய்விட்டது. ஆனால், இன்னொரு எஜமான் இருக்கிறான். அவன் பெயர் 'ஷவுட்'.

நாலு நண்பர்கள் கடைக்குப் போகிறார்கள். முதல் ஆள் நாலு பேருக்கும் வாங்குவார். அடுத்தவரும் நாலு பேருக்கு வாங்க வேண்டும். இதுதான் 'ஷவுட்'. ஒரு கிளாஸ் போதும் என்று வந்தவரும் நாலு கிளாஸ் குடித்தாக வேண்டும். நடுவில் எழுந்து போனால் கஞ்சன் என்ற பெயர்!

சிட்னியில் 'ஸ்கூனர்' என்ற கிளாஸில் 425 மில்லி பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் ஒரு வரம்பு சொன்னது. 10 கிராம் சாராயச் சத்து ஓர் அளவு. ஒரு நாளில் 4 அளவுக்கு மேல் கூடாது. வாரத்தில் 10 அளவுக்கு மேல் கூடாது. சாதாரண பீரில் நாலு ஸ்கூனர் குடித்தால் 6 அளவைத் தாண்டிவிடும்! நட்புக்காகக் குடித்தேன் என்று சொன்னால் ஈரல் கேட்குமா?

யார் முடிவு செய்வது?

அப்படியானால் சட்டமே வேண்டாமா? வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 1982-ல் வண்டி ஓட்டுபவர்களை வழியில் நிறுத்தி மூச்சைச் சோதிக்கத் தொடங்கினார்கள். சாலைச் சாவுகள் குறைந்தன. அடுத்தவன் உயிரைக் காப்பாற்றும் சட்டம் நல்ல சட்டம்.

ஆனால், கிளாஸை எப்போது கீழே வைப்பது என்பதைக் குடிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடிகாரமும் அல்ல, நண்பனும் அல்ல. 'மதுவில் ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது' என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும்.

குடிப்பவர் சொந்தக் காசில், நிதானமாக ஒன்று குடித்துவிட்டு எழுந்து வரட்டும். போதை இல்லாத பீர்கூட இப்போது அங்கே விற்கிறது. "எனக்கு எலுமிச்சைச் சாறு போதும்" என்பவரை யாரும் கேலி செய்ய வேண்டாம். குடிக்காதவர் எதையும் இழந்துவிடவில்லை.

வேலை முடிந்தவனுக்குத் தாகம் தீர வேண்டும். அந்தத் தாகத்தில் வீட்டுச் சம்பளம் கரையக்கூடாது. வீட்டு வாசலில் அவனை எதிர்பார்த்து நிற்கும் பிள்ளை, அப்பாவைப் பார்த்து ஓடி வர வேண்டும், ஓடி ஒளியக்கூடாது!