பெயர்ப்பலகையா தடை? ஏகபோகமே தடை!

“லினக்ஸ் நல்ல சரக்குதான். ஆனால் அதன் இணையதளங்கள் பார்க்க லட்சணமாக இல்லை. அதனால்தான் கம்பெனிகள் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.” கம்ப்யூட்டர் துறையில் நெடுநாளாக அடிபடும் பேச்சு இது. மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். மில்லின் சம்பளக் கணக்கும், கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பேரேடும், நம் பிள்ளைகளின் பாடமும் இன்று கம்ப்யூட்டரில்தான் ஏறுகின்றன. அந்தப் பெட்டியின் சாவி யார் கையில் என்பது நமது பிரச்சினையே!

கம்ப்யூட்டரின் உறுப்புகளையெல்லாம் வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் விண்டோஸ் அதில் ஒரு வகை. காசு கொடுத்தாலும் அதன் உள்ளே பார்க்க முடியாது, திருத்தக் கூடாது, பிறருக்குக் கொடுக்கக் கூடாது. 1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் வேறு வகை. எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பங்கிடலாம். முன்னது, போகத்துக்குப் போகம் கம்பெனியிடம் வாங்கும் விதை. பின்னது, களத்தில் எடுத்து வைத்து அண்டை வீட்டுக்கும் அளக்கும் விதை.

இணையதளத்தின் அழகா இதை நிறுத்தி வைத்திருக்கிறது? உலகின் அதிவேகக் கம்ப்யூட்டர்கள் 500ன் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையிலும் ஓடுவது லினக்ஸ். நம் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு செல்போனின் அடியில் இருப்பதும் லினக்ஸ்தான். இவற்றைச் செய்த பெருங்கம்பெனிகள் பலகை பளபளக்கிறதா என்று பார்த்தா எடுத்தன? இல்லை! முதலாளி பார்ப்பது லாபக் கணக்கு ஒன்றைத்தான்.

அப்படியானால் ஆபீஸ் மேஜைகளில் மட்டும் விண்டோஸ் ஏன் குந்தியிருக்கிறது? சரித்திரத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டர் செய்து விற்கும் கம்பெனிகளோடு மைக்ரோசாஃப்ட் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. தன் மென்பொருள் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும், விற்கும் பெட்டிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும்! கான்டீனில் சாப்பிடாதவன் சம்பளத்திலும் கான்டீன் காசு பிடிப்பது போன்ற வேலை இது. 1994ல் அமெரிக்க சர்க்காரே தலையிட்டு இதற்குத் தடை போட வேண்டியிருந்தது. அதற்குள் சந்தை கைக்கு வந்துவிட்டது.

ஜெர்மனியின் மியூனிக் நகரசபை 2003ல் லினக்சுக்கு மாறத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்கு முன்பே மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் தாமே மேயரைத் தேடி ஓடியிருந்தார்! நகரசபை அசையவில்லை. 2013க்குள் சுமார் 15,000 கம்ப்யூட்டர்கள் மாறின. ஆனால் வெளி அலுவலகங்களின் ஆவணங்கள் சரியாகத் திறக்கவில்லை, பராமரிப்பு பல கைகளில் சிதறியிருக்கிறது என்று குறைகள் எழுந்தன. 2016ல் மைக்ரோசாஃப்ட் தன் ஜெர்மன் தலைமையகத்தை அந்நகருக்குள்ளேயே மாற்றியது. 2017ல் நகரசபை விண்டோசுக்குத் திரும்ப ஓட்டுப் போட்டது. இணையதள அழகு குறித்தா அங்கே மல்லுக்கட்டு நடந்தது?

அதற்காக முகப்பு எப்படி இருந்தாலும் சரி என்று நாம் சொல்லவில்லை. பெரிய கம்பெனிக்கு இன்ஜினீயர்கள் உண்டு. வழி தேடிக் கொள்வார்கள். சிறு அச்சகம், கூட்டுறவுச் சங்கம், யூனியன் ஆபீஸ் என்ன செய்யும்? தொண்டர்கள் 1993 முதல் வளர்த்துவரும் டெபியனையே எடுத்துக் கொள்வோம். வைஃபை பல பெட்டிகளில் வேலை செய்வதற்கான கோப்புகள், 2023 ஜூனில் வந்த 12ம் பதிப்பில்தான் அதிகாரபூர்வ நிறுவல் தொகுப்பில் சேர்ந்தன. அதுவரை அவற்றைத் தனியாகத் தேடி அலைய வேண்டும். பாதியில் கைவிட்டவர்கள் எத்தனை பேரோ! நம் துண்டுப் பிரசுரம் படிக்க முடியாத எழுத்தில் இருந்தால், குற்றம் படிக்கத் திணறும் தொழிலாளியுடையதா?

மக்கள் விட்டு வைத்த இடத்தில் மூலதனம் புகும். கம்பெனிகள் காசு கொடுப்பது முகப்புக்கல்ல. நள்ளிரவில் எந்திரம் நின்றால் வந்து பார்க்க ஆள் உண்டு என்ற உறுதிக்கு. அதை விற்று வளர்ந்த ரெட் ஹாட்டை 2019ல் ஐ.பி.எம். 3,400 கோடி டாலருக்கு விழுங்கியது. 2023ல் அதன் வணிக லினக்சின் மூல நிரலை வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று ரெட் ஹாட் சுருக்கியது. பொதுக் கிணற்றுக்குச் சுங்கக் கதவு!

வழி உண்டா? உண்டு! கேரளத்தைப் பாருங்கள். பள்ளிகளில் ஒரே கம்பெனியின் மென்பொருளைத் திணிப்பதை ஆசிரியர் இயக்கமும் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். அரசுப் பள்ளிகள் லினக்சுக்கு மாறின. தாய்மொழியில் பாடம், ஆசிரியருக்குப் பயிற்சி, பழுது பார்க்க ஏற்பாடு என்று எல்லாம் சேர்ந்து வந்ததால் அது நிலைத்தது.

2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நன்றாக ஓடும் எத்தனையோ பெட்டிகளில் அடுத்த பதிப்பு ஏறாது. அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டுமாம்! யார் காசு அது? மக்கள் வரிப்பணம், கூட்டுறவுச் சங்க உறுப்பினரின் பங்குப் பணம்.

ஆகவே நாம் கோருவோம்: பொதுப் பணத்தில் வாங்கும் கம்ப்யூட்டர்களில் திறந்த மென்பொருளுக்கே முதலிடம் வேண்டும். தமிழில் விளக்கமும் பயிற்சியும் வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் பழுது பார்க்க அரசு ஊழியர் வேண்டும். யூனியன் ஆபீஸ்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் தங்கள் பழைய பெட்டிகளில் இன்றே தொடங்கட்டும். விதை நம்முடையதானால் விளைச்சலும் நம்முடையதே!