மிளகின் மணமும் கஞ்சாவின் வாதமும்

கேரளக் கஞ்சா கைப்பற்றப்படுவது வடபகுதியில் அன்றாடச் செய்தியாகிவிட்டது. பாக்குநீரிணையைக் கடந்து வரும் பொதிகள் எமது கரைகளில் இறக்கப்பட்டு ஏ-9 வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்கின்றன. அவற்றில் ஒரு பங்கு வழியிலேயே எமது இளைஞர்களின் கைகளில் சேர்கின்றது. இரணைமடுக் குளத்தை அண்டிய கிராமங்கள் இதற்கு விலக்கானவை என்று நாம் கூறிவிட முடியாது.

இத்தருணத்தில் புதியதொரு வாதம் இளைஞர் மத்தியில் பரவுகின்றது. மிளகிலும் கராம்பிலும் உள்ள பொருளே கஞ்சாவிலும் உள்ளதாம். ஆகவே கஞ்சாவும் ஒரு மூலிகையே என்பதாம். இவ்வாதத்தின் முற்பாதி உண்மை என்பதுதான் ஆபத்து.

அப்பொருளின் பெயர் பீற்றா-கரியோஃபிலின். கராம்பின் பழைய தாவரவியற் பெயரிலிருந்தே இப்பெயர் பிறந்தது. மிளகின் கார மணத்தில் இதற்குப் பெரும் பங்குண்டு. கறுவா, துளசி, கறிவேப்பிலை ஆகியவற்றிலும் இது உண்டு. மிளகு ரசத்திலும், கராம்பும் கறுவாவும் இட்ட நோன்புக் கஞ்சியிலும் நாம் தலைமுறை தலைமுறையாக உட்கொண்டு வருவதும் இதனையே. சுவிற்சர்லாந்தில் யூர்க் கெர்ற்ஷ் தலைமையிலான ஆய்வாளர்கள் 2008 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புதிய முக்கியத்துவத்தை அளித்தது. உடலில் கஞ்சாவின் கூறுகள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இரு வகையின. சிபி-1 மூளையில் மிகுந்துள்ளது. சிபி-2 பெரும்பாலும் நோயெதிர்ப்புக் கலங்களில் உள்ளது. கரியோஃபிலின் இரண்டாவதுடன் மட்டுமே இணைகின்றது என்றும், எலிகளில் அழற்சியைத் தணிக்கின்றது என்றும் அவ்வாய்வு காட்டிற்று. மனிதரில் இதன் பயன் இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை.

மதியை மயக்குவது கரியோஃபிலின் அன்று. கஞ்சாவிலுள்ள டெட்ராஹைட்ரோகனாபினோல் என்னும் வேறொரு பொருளே சிபி-1 ஏற்பியைப் பற்றி மூளையைத் தாக்குகின்றது. அது மிளகில் இல்லை. எனவே அவ்வாய்வு மிளகுக்குச் சாட்சி சொல்கின்றதேயன்றிக் கஞ்சாவுக்கு அன்று. (கஞ்சாவை மோப்ப நாய்கள் இனங்காண உதவுவது கரியோஃபிலினின் ஒக்சைட்டு என 1970களிலேயே ஆய்வாளர் கண்டனர். நாய்க்கு வேண்டியது மணம். சட்டத்துக்கு வேண்டியது போதை.) இஸ்லாமிய மார்க்கத் தீர்ப்பும் மணத்தையன்றி மதிமயக்கத்தையே அளவுகோலாகக் கொள்கின்றது. கள்ளைப் பெரும் பாதகங்களுள் வைத்த சைவ மரபின் நிலைப்பாடும் இதுவே. பள்ளிவாசலிலும் கோயிலிலும் பாடசாலையிலும் இவ்வேறுபாட்டை விளக்கிக் கூறுதல் வேண்டும். வெறும் அச்சமூட்டலை இன்றைய இளைஞன் நம்புவதில்லை. அரைகுறை விஞ்ஞானம் பேசுபவனையே அவன் நம்பிவிடுகின்றான்.

அரசின் போக்கும் இக்குழப்பத்துக்குத் துணைபோகின்றது. ஆயுர்வேதத் தேவைக்கு அப்பால் கஞ்சாவைத் தடைசெய்யும் 1929 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கையில், ஏற்றுமதிக்கு மாத்திரம் மருத்துவக் கஞ்சா பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு 2025 இல் அனுமதி வழங்கப்பட்டது. மீரிகமவில் 64 ஏக்கர் இதற்கென ஒதுக்கப்பட்டது. மருந்துக்கான பயிர்ச்செய்கையை நாம் கண்மூடி எதிர்க்கவில்லை. ஆனால் "அரசே வளர்க்கின்றது" என்ற ஒற்றை வரியே கிளிநொச்சியில் கஞ்சா விற்பவனுக்குப் போதுமான விளம்பரமாகும். அனுமதி வழங்கியவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கின்றார்கள்?

இத்தகைய பயிர் நாளை வன்னிக்கும் வரவேண்டும் என்று எவரேனும் யோசனை கூறுவாராயின், இரணைமடு நீரைக் குறித்து அவர் முதலில் சிந்திக்கட்டும். அந்நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டத்துக்கே நெற்செய்கையாளர் கடும் எதிர்ப்புத் தெரிவித்தமை யாவரும் அறிந்ததே.

மணப்பொருளில்தான் அந்நியச் செலாவணி என்றால் மாத்தளை, கண்டி, கேகாலை மாவட்டங்களின் மிளகு இருக்கின்றது. காரத்துக்கும் எண்ணெய்ச் செறிவுக்கும் பெயர்பெற்ற இலங்கை மிளகு பெரும்பாலும் உலர்ந்த மணியாகவே கப்பலேறுகின்றது. வியட்நாம் மிளகை இறக்கி, இலங்கை மிளகென்று இந்தியாவுக்கு மறு ஏற்றுமதி செய்த வியாபாரத்தால் நற்பெயரும் கெட்டது. 2017 இல் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபாவைக் குறைந்தபட்ச இறக்குமதி விலையாக விதித்தபோது அதன் சுமை மலையகத்துச் சிறு செய்கையாளன் தலையிலும் விழுந்தது. வரண்ட வன்னிக்கு மிளகுக் கொடி பொருந்தாது. ஆனால் அதே கரியோஃபிலினைக் கொண்ட கறிவேப்பிலை இங்கு வீட்டு முற்றத்திலேயே செழிக்கின்றது. அதனை உலர்த்தி எண்ணெய் வடித்தெடுக்கும் சிறு ஆலையொன்றை இரணைமடுவை அண்டி அமைப்பதற்கு அறுபத்துநான்கு ஏக்கரும் தேவையில்லை, வெளிநாட்டு முதலீட்டாளர் எழுவரும் தேவையில்லை.